7.7 பாகையில் நெபுலா பிடிப்பது: மட்டக்களப்பு வானத்துக்கு ஏற்ற வழி

கேள்வி சுருக்கமாக இது: கல்லடியில் வீடு. கேனன் 700டி கமராவும் 18-55, 55-250 லென்சுகளும் கையில் இருக்கின்றன. ட்ரைபொட்டில் வைத்து 250 மி.மீட்டரில் ஓரியன் நெபுலாவை எடுத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாகிறது, படம் முழுக்கச் செம்மஞ்சள். ட்ரக்கர் (வானம் சுழலும் வேகத்திலேயே கமராவைச் சுழற்றும் கருவி) வாங்கலாம் என்றால் இங்கே துருவ நட்சத்திரம் கண்ணில் படுவதே அரிது. தொலைநோக்கியும் குளிரூட்டிய கமராவும் இல்லாமல் இது சரிவருமா?

சரிவரும் தம்பி. கையில் இருக்கிற கமராவும் லென்சுமே முதல் இரண்டு வருடத்துக்குப் போதும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்தத் துறையின் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை 40, 50 பாகை அகலக்கோட்டில் குளிர்நாட்டில் இருப்பவர்கள் எழுதியவை. துருவ நட்சத்திரம் அவர்களுக்குத் தலைக்கு மேல் பாதி உயரத்தில் நிற்கும், இரவு 5 பாகை வெப்பம், காற்று காய்ந்தது. மட்டக்களப்பு 7.7 பாகை வடக்கு. இரவு 26 பாகை. காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அவர்கள் ஒரு வரியில் கடந்துபோகிற வேலை நமக்கு ஒரு மணி நேர வேலை. அதற்கு ஈடாக, அவர்கள் வாழ்நாளில் ஊரிலிருந்து காணாத தென்வானம் நமக்கு வாசலிலேயே இருக்கிறது.

முதலில் அந்தக் கோடு. வானத்தில் ஒரு பாகை என்பது 60 வில் நிமிடம், ஒரு வில் நிமிடம் 60 வில் செக்கன். வானம் செக்கனுக்கு 15 வில் செக்கன் நகர்கிறது. 700டியின் ஒரு பிக்சல் 4.3 மைக்ரோன், 250 மி.மீ. லென்சில் அது வானத்தில் சுமார் 3.5 வில் செக்கனை மூடும் (206 × 4.3 ÷ 250). ஆக ஒரு செக்கன் திறந்துவைத்தாலே ஓரியன் பக்கத்து நட்சத்திரம் நாலு பிக்சல் தாண்டிவிடும். ட்ரக்கர் இல்லாமல் 250 மி.மீட்டரில் எதுவும் செய்ய முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ட்ரக்கர் வாங்கும் வரைக்கும் பழகவேண்டுமென்றால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, எஃப் 2.8இல் 3 செக்கன் படங்களாக 300 எடுத்து அடுக்குங்கள், அதாவது மென்பொருளில் ஒரே படமாகச் சேருங்கள். மொத்தம் 15 நிமிட ஒளிதான், ஆனாலும் ஓரியனின் வாள்ப்பகுதியில் இருக்கிற அந்த நெபுலா இளஞ்சிவப்பாக எழும்பி வரும். அடுக்குவது, டார்க் (இரைச்சலைக் கழிக்க லென்சை மூடி எடுக்கும் படம்) எடுப்பது, ஃபோகஸ் பிடிப்பது எல்லாம் அதிலேயே கை வந்துவிடும்.

பிறகு காசு எங்கே போகவேண்டும்? ட்ரக்கருக்கும் உறுதியான ட்ரைபொட்டுக்கும். தொலைநோக்கிக்கல்ல. ஸ்கைவாச்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் மாதிரி ஒன்று 5 கிலோ சுமக்கும். உங்கள் கமராவும் 55-250 லென்சும் சேர்ந்து ஒரு கிலோதான். நல்ல கண்ணாடி மலிவான தாங்கியில் ஏறினால் வீண். சுமாரான கண்ணாடி நல்ல தாங்கியில் ஏறினால் படம் வரும்.

இனித்தான் முக்கியமான இடம், போலார் அலைன்மென்ட். ட்ரக்கரின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக நிற்கவேண்டும். எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதையும் கணக்காகவே பார்க்கலாம்: அச்சு 1 பாகை விலகினால் நட்சத்திரம் நிமிடத்துக்கு 16 வில் செக்கன் வரை வடக்கு-தெற்காக நகரும். 2 நிமிடப் படத்தில் அது உங்களுக்கு 9 பிக்சல். விலகலை 10 வில் நிமிடத்துக்குள் கொண்டுவந்தால் அதே 2 நிமிடத்தில் ஒன்றரை பிக்சல், கண்ணுக்குத் தெரியாது. 250 மி.மீட்டருக்கு அந்த 10 வில் நிமிடம் போதும், அதற்கு மேல் மினக்கெட வேண்டாம்.

துருவ நட்சத்திரம் இங்கே தெரியவே தெரியாது என்பது முழுதும் சரியல்ல. கல்லடிக் கரையில் நின்று நேர் வடக்கே பார்த்தால் கடல்தான். கரை வடமேற்காக வளைந்து போவதால் தென்னை மறைப்பதில்லை. நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 7க்கும் 8.5க்கும் இடைப்பட்ட பாகையில் நிற்கும், நீட்டிய கையின் நாலு விரல் அகலம். ஆனால் அந்தத் தாழ்வில் அதன் ஒளி தலைக்கு மேலுள்ளதைப்போல ஏழு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. 2ஆம் பருமன் நட்சத்திரம் 4ஆம் பருமன்போல மங்கிவிடும் (பருமன் என்பது பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்). கடல் மூட்டம் கொஞ்சம் கூடினால் அதுவும் இல்லை. பொத்துவில் பக்கம் போனால் இன்னும் ஏறக்குறைய ஒரு பாகை கீழே. ஆகவே அது தெரிகிற இரவில் ட்ரக்கரின் போலார் ஸ்கோப்பால் (அச்சுக்குள் இருக்கும் சிறு தொலைநோக்கி) பாருங்கள், தெரியாத இரவுக்கு வேறு வழியைக் கையில் வைத்திருங்கள். அந்த வேறு வழியைத்தான் முதலில் பழகச் சொல்வேன், ஏனென்றால் அதுதான் எப்போதும் கைகொடுக்கும்.

ட்ரைபொட்டை நீர்மட்டம் பார்த்து நிறுத்தி, அச்சின் சாய்வைப் போனின் சாய்வுமானியால் 7.7க்கு வையுங்கள். திசைக்குக் காந்த ஊசியை நம்பாதீர்கள். மெய் வடக்கிலிருந்து அது விலகி நிற்பது ஒருபக்கம், ட்ரக்கரின் இரும்பும் மோட்டாரும் அதை இன்னும் இழுக்கும். பகலிலேயே போனில் செய்மதிப் படத்தைத் திறந்து, நீங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் வடக்கே வருகிற ஒரு கோபுரத்தையோ கட்டட மூலையையோ தேர்ந்துகொண்டு அதை நோக்கி வையுங்கள். மொட்டைமாடியில் எடுப்பவரென்றால் ட்ரைபொட்டின் மூன்று கால்களும் நிற்கிற இடத்தைச் சீமெந்தில் பெயின்ட் புள்ளியாக வைத்துவிட்டால் அடுத்த முறை பாதி வேலை முடிந்தமாதிரி.

இருட்டியதும் விலகல் சோதனை. வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) அருகே, உச்சிக்கோட்டில் (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு) நிற்கிற ஒரு நட்சத்திரத்தை எடுங்கள். ஓரியனின் இடுப்புப்பட்டியில் வடக்கு ஓரத்து நட்சத்திரம் மிந்தாக்கா அதற்கென்றே வைத்ததுபோல இருக்கிறது, நடுக்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பாகைகூட விலகவில்லை. லென்ஸ் 250இல் இருக்கட்டும். ட்ரக்கர் ஓடும்போது ஷட்டரைத் திறந்து 5 செக்கன் விடுங்கள், பிறகு ட்ரக்கரை நிறுத்தி இன்னும் 15 செக்கன். படத்தில் ஒரு புள்ளியும் அதிலிருந்து ஒரு கோடும் விழும். புள்ளியில் தொடங்கி அந்தக் கோடு போகும் பக்கம் மேற்கு. கமராவைச் சுழற்றி, கோடு படத்தின் நீளப் பக்கத்தோடு ஒத்துப்போகிறபடியும் வலது கைப் பக்கம் போகிறபடியும் வையுங்கள். இப்போது படத்தின் மேல் விளிம்பு வடக்கு.

ட்ரக்கரை மறுபடி ஓடவிட்டு ஒரு 5 செக்கன் படம். கையை எடுத்துவிட்டு 5 நிமிடம் கழித்து இன்னொன்று. இரண்டையும் திரையில் முழுப் பெருக்கத்தில் பார்த்து, அதே நட்சத்திரம் மேல்-கீழாக எத்தனை பிக்சல் நகர்ந்தது என்று எண்ணுங்கள். இடம்-வலமாக நகர்ந்ததைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது ட்ரக்கரின் பல்சக்கரக் குறை. உங்கள் கமராவுக்கும் 250 மி.மீட்டருக்கும் 5 நிமிடத்தில் 1 பிக்சல் என்றால் அச்சு ஏறக்குறைய 2.7 வில் நிமிடம் விலகியிருக்கிறது. நாலு பிக்சலுக்குள் வந்தால் வேலை முடிந்தது. நட்சத்திரம் தெற்கே இறங்கியிருந்தால் அச்சு வடக்குக்குக் கிழக்கே திரும்பியிருக்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே ஏறியிருந்தால் மறுபக்கம்.

திசை சரியான பிறகுதான் சாய்வு. கிழக்கே 20, 30 பாகை உயரத்தில் நடுக்கோட்டை ஒட்டிய ஒரு நட்சத்திரத்தில் அதே சோதனை. தெற்கே இறங்கினால் அச்சு தாழ்வு, வடக்கே ஏறினால் அச்சு உயர்வு. நம் கரைக்குக் கிழக்கே கடல் என்பதால் இந்த நட்சத்திரத்துக்குப் பஞ்சமில்லை. சாய்வைத் திருத்தும்போது திசை கொஞ்சம் கலையும், ஆகவே திசையை இன்னொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழகினால் முழுதும் 30 நிமிடம்.

மடிக்கணினி கொண்டுபோகிறவருக்கு இது இன்னும் சுகம். நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று-புள்ளி அலைன்மென்ட் என்று ஒரு சேர்க்கை உண்டு; வானத்தின் எந்தப் பகுதியையும் மூன்று படம் எடுத்து, நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டு, அச்சு எவ்வளவு விலகியது என்று சொல்லிவிடும். துருவ நட்சத்திரம் தேவையே இல்லை. துருவத்துக்கு அருகே பார்த்துத்தான் வேலை செய்கிற முறைகள் நமக்கு உதவா. அந்த உயரத்தில் வளிமண்டலம் ஒளியை 6, 7 வில் நிமிடம் மேலே தூக்கிக் காட்டும். மென்பொருளில் ஒளிமுறிவைக் கணக்கில் எடுக்கும் தெரிவு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

பின்னாளில் எதிர்நிறை வைத்த பெரிய தாங்கிக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில தாங்கிகள் 10 பாகைக்குக் கீழே சாயாது. வாங்கமுன் அதன் அகலக்கோட்டு எல்லையைப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டால் ட்ரைபொட்டையே சாய்க்கலாம்: கால்களுக்கிடை 80 செ.மீ. என்றால் தெற்குக் காலை 3 செ.மீ. நீட்டினால் மிச்ச 2.3 பாகை கிடைத்துவிடும். கால்களை ஒன்று தெற்கே, இரண்டு வடக்கே என்று வையுங்கள். ஒற்றைக் கால் வடக்கே என்று வழிகாட்டிகளில் இருப்பது நமக்கு எதிரி. நம் அகலக்கோட்டில் அச்சு கிட்டத்தட்டக் கிடையாகப் படுத்திருப்பதால் எதிர்நிறைத் தண்டு வடபக்கம் நேரே கீழே தொங்கும், அங்கே கால் இருந்தால் போய் இடிக்கும். நள்ளிரவில் தானாக ஓடிக்கொண்டிருக்கும்போது இடித்தால் பல்சக்கரம்தான் பலி.

ஸீஸ்டார் எஸ்50 போன்ற தானியங்கிச் சிறு தொலைநோக்கிகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான், தொடங்குபவருக்குத் தடையில்லாமல் படம் தரும். ஆனால் சாதாரண நிலையில் அவை மேல்-கீழ், இடம்-வலம் என்று இரண்டு திசையில் நகர்ந்து பின்தொடர்வதால் படம் சுழலும், அந்தச் சுழற்சி தலைக்கு மேலே மிக மோசம். ஓரியன் நெபுலா இங்கே உச்சியில் 77 பாகை ஏறும். அந்த இடத்தில் படம் மணிக்கு 66 பாகை வேகத்தில் சுழலும், 10 செக்கனுக்குள்ளேயே மூலை நட்சத்திரங்கள் மூன்று பிக்சலுக்கு மேல் இழுபடும். அதே நெபுலா கிழக்கிலோ மேற்கிலோ 45 பாகையில் நிற்கும்போது மணிக்கு 6 பாகைதான். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். "பொருள் உச்சிக்கு வரும்போது எடு" என்ற பொதுவான அறிவுரையை இந்த வகைக் கருவிக்கு நம் ஊரில் கேட்காதீர்கள். நேர் கிழக்கு, நேர் மேற்கு, 30 முதல் 60 பாகை, அதுவே அதற்குப் பொன்னான இடம்.

அடுத்த எதிரி ஈரம். லென்சின் முன்கண்ணாடி திறந்த வானத்துக்கு வெப்பத்தை இழந்து காற்றைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ந்துவிடும். நம் காற்றில் நீர் ஒடுங்க அது தாராளம். ஒரு மணி நேரத்தில் நட்சத்திரங்களைச் சுற்றிப் பால்போல வளையம் விழத் தொடங்கும், கமராவின் சின்னத் திரையில் அது தெரியாது. எடுத்த இருநூறு படத்தில் நூற்றைம்பது வீணானது காலையில்தான் தெரியும். லென்ஸ் ஹூட் கட்டாயம் போடுங்கள். அதோடு ஒரு சூடேற்றும் பட்டி. கடையில் யூஎஸ்பி பட்டி கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம்: 47 ஓம், 1 வாட் தடைகள் பத்தைச் சமாந்தரமாகப் பற்றவைத்தால் 4.7 ஓம், 5 வோல்ட்டில் ஓர் அம்பியருக்குச் சற்று மேலே இழுத்து 5 வாட் சூடு தரும். சுருங்கும் குழாயால் மூடி, துணிப்பட்டிக்குள் தைத்து, முன்கண்ணாடி விளிம்பை ஒட்டிச் சுற்றுங்கள். 10,000 மில்லி அம்பியர் பவர் பாங்க் ஐந்து மணி நேரம் தாங்கும். பனி விழுந்த பிறகல்ல, படம் தொடங்கும்போதே போடவேண்டும். ஏசி அறையிலிருந்து கமராவை நேரே வெளியே கொண்டுவராதீர்கள், உள்ளே வெளியே எல்லாம் வியர்த்துவிடும். பையை மூடியபடியே முக்கால் மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் இரண்டு மாதத்தில் லென்சுக்குள் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம் ஓடும். காற்றிறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, கால் கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறு ஈரமானி. 40க்கும் 50க்கும் இடையில் நிற்கவேண்டும்; 60ஐத் தாண்டினால் ஜெல்லைக் காயவையுங்கள். கடலோரத்தில் எடுத்த நாளில் ட்ரைபொட்டின் மூட்டுகளையும் திருகாணிகளையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உப்பு அலுமினியத்தை ஒரு பருவத்தில் தின்றுவிடும்.

சூடும் அப்படித்தான். ஒளி இல்லாமலே சூட்டால் சென்சரில் சேரும் மின்னூட்டம் ஏறக்குறைய 6 பாகைக்கு ஒருமுறை இரட்டிக்கும். குளிர்நாட்டுக்காரர் 5 பாகையில் எடுக்கிற படத்தைவிட நம் 26 பாகைப் படத்தில் அது பத்து மடங்குக்கு மேல். எனவே டார்க் படங்களைத் தட்டிக்கழிக்க முடியாது: லென்சை மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே நேரம், 25 படம். வீட்டுக்குள் அல்ல, அதே இடத்தில், அதே சூட்டில், வேலை முடிந்ததும் அங்கேயே எடுங்கள். டார்க்கைவிடப் பெரிய உதவி டிதர், அதாவது இரண்டு மூன்று படத்துக்கு ஒருமுறை கமராவை 15 பிக்சல் அளவு ஒழுங்கில்லாமல் வேறு வேறு பக்கம் நகர்த்துவது. செய்யாவிட்டால், அலைன்மென்ட் விலகலால் சட்டகம் ஒரே திசையில் மெதுவாக ஊர்ந்து, அடுக்கிய படத்தில் சூடான பிக்சல்களெல்லாம் மழைக்கோடுபோலச் சாய்ந்து ஓடும். அதை எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. ட்ரக்கரில் தானாக டிதர் இல்லாவிட்டால் பத்துப் படத்துக்கு ஒருமுறை கையாலேயே மெல்ல நகர்த்துங்கள், போதும். நாளைக்குக் குளிரூட்டிய கமரா வாங்கினால், அவை வழக்கமாக வெளிச்சூட்டிலிருந்து 35 பாகை வரை இறக்கும். குளிர்காலக் காற்றை நம்பி -10 பாகை என்று எழுதியதைப் பார்த்து அப்படியே போடாதீர்கள், நமக்கு 0 பாகை என்று ஆண்டு முழுக்க ஒரே அளவில் வைத்தால் டார்க் படங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

நமக்கு ஒரு வசதியும் உண்டு. கரையோர இரவில் வெப்பம் அதிகம் மாறாததால் ஒருமுறை பிடித்த ஃபோகஸ் மணிக்கணக்கில் நிற்கும். சிரியஸ் நட்சத்திரத்தை லைவ் வியூவில் பத்து மடங்கு பெருக்கி, பாஹ்டினோவ் தட்டை (ஃபோகஸ் பார்க்க வரிவரியாக வெட்டிய தட்டு) லென்ஸ் முன்னால் வையுங்கள். எக்ஸ் போலக் குறுக்கிடும் இரண்டு கதிர்களின் நட்டநடுவே மூன்றாவது கதிர் வந்தால் ஃபோகஸ் சரி. பிறகு வளையத்தை நாடாவால் ஒட்டிவிடுங்கள். 55-250 லென்ஸ் உச்சியை நோக்கும்போது ஸூம் வளையம் தானாகச் சறுக்கும், அதற்கும் ஒரு நாடா.

செம்மஞ்சள் வருவது தெருவிளக்கின் ஒளி ஈரக்காற்றில் சிதறுவதால். வெள்ளைச் சமநிலையை மாற்றிப் பயனில்லை; ரோ கோப்பில் எடுங்கள், நிறத்தைப் பிறகு நேராக்கலாம். நேராக்க முடியாதது இரைச்சல். வானம் ஒரு பருமன் கூடுதலாக வெளிச்சமென்றால் அதே தரத்துக்கு இரண்டரை மடங்கு நேரம் வேண்டும். மூன்று பருமன் என்றால் 16 மடங்கு. நகரத்தில் 16 மணி நேரம் எடுப்பதும் இருண்ட ஊரில் ஒரு மணி நேரம் எடுப்பதும் ஒன்று. இரட்டைப் பட்டை வடிகட்டி ஐதரசனின் 656.3, ஒட்சிசனின் 500.7 நானோமீட்டர் ஒளிகளை மட்டும் விட்டு, நகரத்திலும் ஒளிரும் நெபுலாக்களைக் காப்பாற்றும். கலக்சிக்கு அது உதவாது. கலக்சியின் ஒளி நட்சத்திர ஒளி, எல்லா நிறமும் கலந்தது. வடிகட்டினால் அதுவும் போய்விடும். கலக்சிக்கு இருட்டைத் தேடிப் போவதைத் தவிர வழியில்லை.

எங்கே போவது? கல்லடியிலிருந்து கிழக்கும் வடக்கும் கடல், நல்லது. தெற்கே பார்த்தால் காத்தான்குடி, ஆரையம்பதி வெளிச்சம். ஆகவே தென்வானப் பொருள்களுக்கு எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே கடலோரப் பகுதி) ஏற்றதல்ல, கல்முனை முதல் அக்கரைப்பற்று வரைக்கும் இடைவிடாத வெளிச்சம். வாகரைப் பக்கம் வடவானத்துக்கு நல்லது. பாணமையில் தெற்கே குமண காடு என்பதால் அடிவானம் வரைக்கும் இருட்டு. அம்பாறை மாவட்டத்தில் தென்வானத்துக்கு அதைவிட நல்ல இடம் சொல்லத் தெரியவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையும் இருட்டுத்தான், ஆனால் உன்னிச்சை, நவகிரி பக்கங்களில் குளக்கட்டில் தனியே கமராவோடு நிற்பது யானைக்கு வழிமறித்து நிற்பது. சிவப்பு டோர்ச்சோடு இருளில் அசையாமல் இருப்பவருக்கு யானை வருவது தெரியாது. ஆட்கள் இருக்கிற வீட்டு வளவு, கோயில் வளவு, பள்ளிக்கூட மைதானம், இதில் ஒன்றைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, ஊராருக்கும் பொலிசுக்கும் முன்னமே சொல்லிவிட்டு எடுங்கள். போயா விடுமுறையை இதற்கு நம்பவும் முடியாது, அது முழுநிலா. அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாள்தான் கணக்கு.

பருவமும் நம்மை வளைக்கிறது. ஓரியன் நள்ளிரவில் உச்சியில் நிற்கிற மார்கழியில் வடகீழ்ப் பருவமழை. அது ஓய்ந்து மாசி பிறந்ததும் முந்திக்கொள்ளுங்கள்: பெப்ரவரி கடைசியில் ஏழரைக்கு முழு இருட்டு, நெபுலா உச்சியைத் தாண்டி மேற்கே சாயத் தொடங்கியிருக்கும், பத்தரை வரை 35 பாகைக்கு மேலே நிற்கும். மூன்று மணி நேரம். மார்ச் நடுவில் இரவு 11 மணியளவில் கரைனா நெபுலா தெற்கே 22 பாகையில் உச்சிக்கு வரும். அது ஓரியன் நெபுலாவைவிடப் பெரியது, ஐரோப்பாவிலிருந்து அடிவானத்துக்கு மேலே வராதது. ஏப்ரல், மே மாதங்களில் ஒமேகா சென்டோரி நட்சத்திரக் கொத்து 35 பாகையிலும், அதற்குச் சற்று மேலே தூசிப் பட்டை குறுக்கே ஓடும் சென்டோரஸ் ஏ கலக்சி 39 பாகையிலும். மாலை இடிமுகில்கள் பத்து மணிக்குக் கலைந்தால் எடுக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும். காற்று காய்ந்து பனி குறையும், வானம் கழுவித் துடைத்ததுபோல இருக்கும் நாட்களும் வரும்; ஆனால் வீச்சில் ட்ரைபொட் ஆடும். காலை விரித்துத் தாழ்வாக வைத்து, நடுவில் மணல் மூட்டை ஒன்றைத் தொங்கவிடுங்கள், தரையைத் தொட்டும் தொடாமலும். அந்தக் காலத்துக்கு லகூன் நெபுலா 58 பாகையில், ஈகிள் 68 பாகையில். செப்டெம்பர் பின்னிரவில் அன்ட்ரொமீடா கலக்சி வடக்கே 56 பாகை, அதே நேரம் தெற்கே 57 பாகையில் ஸ்கல்ப்டர் கலக்சி. இரண்டையும் ஒரே இரவில் அந்த உயரத்தில் எடுக்கக்கூடிய இடங்கள் உலகில் கொஞ்சம்தான்.

முதல் இரவுக்கு ஓரியன் நெபுலாவே சரி. 250 மி.மீ., எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600, 60 செக்கன். ஹிஸ்டோகிராமின் மலை இடப்பக்கத்திலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் நிற்கவேண்டும். நகரத்துக்குள் அதைத் தாண்டினால் 30 செக்கனுக்கு இறங்குங்கள். மொத்தம் இரண்டு மணி நேரம் சேருங்கள். நெபுலாவின் நடு மிகப் பிரகாசம், 60 செக்கனில் வெள்ளையாக எரிந்துவிடும். அதற்கென்று 15 செக்கனில் 20, 3 செக்கனில் 20 படம் தனியே. நேரத்தை நாலு மடங்காக்கினால்தான் தரம் இரண்டு மடங்காகும், ஆகவே மூன்று பொருளை ஒரே இரவில் துரத்துவதைவிட ஒன்றை மூன்று இரவு எடுப்பது மேல். முடிந்ததும் ஃபோகசைத் தொடாமல், லென்ஸ் வாயில் வெள்ளை ரீசேர்ட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, வெளுக்கிற வானத்தை நோக்கி 25 ஃபிளாட் படம். மூலை இருட்டும் சென்சர்த் தூசியின் வளையங்களும் அதனால்தான் போகும்.

நட்சத்திரம் இன்னும் நீண்டு வந்தால் எந்தத் திசையில் என்று பாருங்கள். கிழக்கு-மேற்காக என்றால் பல்சக்கரக் குறை அல்லது சமநிலைக் கோளாறு. கிழக்குப் பக்கம் ஒரு நூல் பாரமாக வைத்தால் பல்லுகள் ஒட்டியே ஓடும். வடக்கு-தெற்காக என்றால் அலைன்மென்ட். மூலைகளில் மட்டும் என்றால் லென்சின் குறை, ஒரு படி துவாரத்தைச் சுருக்குங்கள். ஒரு படத்தில் சரி, அடுத்ததில் பிழை என்றால் காற்று.

அடுக்க சிரில் என்ற மென்பொருள் போதும், இலவசம். டார்க், பயஸ் (லென்சை மூடி மிகக் குறைந்த நேரத்தில் எடுக்கும் படம்) கழித்து, ஃபிளாட்டால் வகுத்து, நட்சத்திரங்களைப் பொருத்தி, சிக்மா வெட்டை (மற்றப் படங்களோடு ஒத்துவராத பிக்சலை ஒதுக்கும் அளவு) 3இல் வைத்து அடுக்குங்கள். செய்மதிக் கோடுகள் தானாக மறையும். ஓரத்தைச் செதுக்கிவிட்டு முதலில் பின்னணிச் சாய்வை எடுங்கள், இதை கிராக்ஸ்பேர்ட் என்ற மென்பொருள் இன்னும் நன்றாகச் செய்யும். அதன் பிறகே நட்சத்திர அட்டவணைப்படி நிறச் சீராக்கம். வரிசை மாறினால் செம்மஞ்சள் பாதி அப்படியே நிற்கும். படத்தை நீட்டும்போது பின்னணியை முழுக் கறுப்பாக்காதீர்கள். நெபுலாவின் மங்கலான சிறகு அந்தச் சாம்பல் நிறத்துக்குள்தான் இருக்கிறது, கறுப்பாக்கினால் இரண்டு மணி நேரத்தை நீங்களே வெட்டி எறிந்தமாதிரி.

ரோசெட், ஹோர்ஸ்ஹெட் போன்ற செந்நிற நெபுலாக்கள் மங்கலாக வந்தால் குறை உங்களிடம் இல்லை. திருத்தாத கேனனின் முன்வடிகட்டி 656.3 நானோமீட்டர் ஒளியில் நாலில் ஒரு பங்கையும் முழுதாக உள்ளே விடுவதில்லை. அந்த வடிகட்டியைக் கழற்றுவதற்குக் கமராவைப் பிரிக்கவேண்டும், பகல் படத்தின் நிறமும் கெடும். ஒரே கமராதான் இருக்கிறதென்றால் இப்போதைக்குக் கைவைக்க வேண்டாம். ஓரியன், ஒமேகா சென்டோரி, அன்ட்ரொமீடா, சென்டோரஸ் ஏ எல்லாம் திருத்தாத கமராவிலேயே நன்றாக வரும். அவை முடிந்த பிறகு பழைய 600டி ஒன்றை இரண்டாம் கையில் வாங்கி அதைத் திருத்தக் கொடுங்கள்.